அடக்கமும் அதன்பின் வரும் வழக்கங்களும்

ஒரு முஸ்லிம் இவ்வுலகை விட்டுப் பிரிந்தால், உயிரோடிருப்போர் அவருக்குச் செய்ய வேண்டிய கடமைகள் நான்கே என்று பிக்ஹு நூல்கள் வரையறுத்துள்ளன. மையித்தைக் குளிப்பாட்டுதல், கபனிடுதல், ஜனாஸாத் தொழுகை நிறைவேற்றுதல், அடக்கம் செய்தல் என்பன அவை. இந்நான்கும் பர்ளு கிபாயா ஆகும். ஊரில் சிலர் முன்வந்து செய்துவிட்டால் அனைவரின் பொறுப்பும் நீங்கும். எவருமே செய்யாவிடில் ஊரார் யாவரும் குற்றவாளிகளாவர். ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரை ஊர்களிலும், ஹனபி மத்ஹபைப் பின்பற்றும் உள்நாட்டு ஊர்களிலும் இதில் கருத்து வேற்றுமை இல்லை.

எனினும், நம்மிடையே ஒரு மரணம் நிகழ்ந்தால் காரியங்கள் இந்நான்கோடு நின்றுவிடுவதில்லை. தல்கீன் உண்டு, கபுரின் மீது பச்சைக் கிளை உண்டு, மீஸான் கல் உண்டு, மூன்றாம் பாத்திஹா, ஏழாம் பாத்திஹா, நாற்பதாம் பாத்திஹா, வருஷக் கத்தம் என்று நாட்களும் உண்டு. ஒரு சாரார் இவை யாவும் மார்க்கமே என்கின்றனர். மற்றொரு சாரார் யாவும் பித்அத்தே என்கின்றனர். கபுரின் மண் ஈரம் காயுமுன்பே அதன் அருகில் நின்று வாதிடும் அவலத்தையும் பல ஊர்களில் காண்கிறோம். இரு சாராரும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி எடைபோடுகின்றனர். உண்மையில் இவற்றில் ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே ஒரு வரலாறு இருக்கிறது.

எது அடிப்படை, எது அதன்மேல் வந்த வழக்கம் என்பதை அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று நமக்குத் தெளிவாகக் காட்டிற்று. 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் இலங்கை அரசு, கொரோனா நோயால் இறந்தோர் அனைவரின் உடல்களும் எரிக்கப்பட வேண்டும் என ஆணையிட்டது. அடக்கம் செய்வதற்குத் தடையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் அவ்வாணை நீடித்தது. பிறந்து இருபது நாளே ஆன ஒரு பச்சிளங் குழந்தையின் உடலும் அதற்கு இரையாயிற்று. பொரளை மயானத்தின் வாயிலில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டித் தம் துயரைத் தெரிவித்தனர். 2021 பிப்ரவரி இறுதியில் ஆணை தளர்த்தப்பட்டு, மார்ச் மாதம் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. நாட்டின் நாலா பக்கங்களிலிருந்தும் உடல்கள் அங்கே கொண்டு செல்லப்பட்டன. 3,600க்கும் மேற்பட்டோர் அம்மண்ணில் துயில்கின்றனர். அவர்களுள் பிற சமயத்தவரும் உளர். 2024 ஜூலையில் அந்நாட்டு அமைச்சரவை அச்செயலுக்கு மன்னிப்புக் கோரியது. அந்தப் பதினொரு மாத காலத்தில் நம் சகோதரர்கள் கேட்டது கத்தமும் அன்று, கந்தூரியும் அன்று. ஒரு மையித்துக்குரிய மண்ணை மட்டுமே கேட்டனர்.

இனி, அந்நான்கு கடமைகளுள் முதலாவதைப் பார்ப்போம். ஹிஜ்ரீ 8இல் பெருமானார் (ஸல்) அவர்களின் புதல்வி ஸைனப் (ரலி) அவர்கள் மறைந்தபோது, குளிப்பாட்டிய பெண்களுள் உம்மு அதிய்யா (ரலி) அவர்களும் ஒருவர். மூன்று அல்லது ஐந்து என ஒற்றைப்படையாகவும், தேவையாயின் அதற்கு மேலும் நீரூற்றுமாறும், இலந்தை இலை கலந்த நீரைப் பயன்படுத்துமாறும், இறுதியில் கற்பூரம் சேர்க்குமாறும் நபியவர்கள் கூறியதாக அவ்வம்மையார் அறிவிக்கின்றார்கள். ஆகவே நம் பெண்கள் இன்றும் இலந்தை இலையைத் தேடுவதும், கற்பூரத்தைப் பொடிப்பதும் வெறும் நாட்டு வழக்கம் அல்ல. (அக்காலத்தில் கற்பூரத்திற்குப் பெயர்பெற்றிருந்தது சுமத்ராத் தீவின் பாரூஸ் துறைமுகம். அங்கே தமிழ் வணிகர் 1088இல் பொறித்த கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது என்பது ஒரு சுவையான செய்தி.)

கபன் விஷயத்தில் வரலாறு நமக்குக் கற்பிப்பது எளிமையையே. பெருமானார் (ஸல்) அவர்களின் புனித உடல் யமன் நாட்டு வெண்பருத்தித் துணிகள் மூன்றில் பொதியப்பட்டது. அவற்றில் சட்டையோ தலைப்பாகையோ இல்லை என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தெரிவிக்கின்றார்கள். ஹிஜ்ரீ 3இல் உஹதுப் போரில் ஷஹீதான முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்கள், இஸ்லாத்திற்கு வருமுன் மக்காவின் செல்வ இளைஞர். அவர்களுக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு போர்வை. தலையை மூடினால் கால் தெரிந்தது. காலை மூடினால் தலை தெரிந்தது. தலையைத் துணியால் மூடி, கால்களின் மீது இத்கிர் என்னும் மணப்புல்லைப் போடுமாறு நபியவர்கள் பணித்தார்கள். ஹிஜ்ரீ 13இல் மரணப் படுக்கையில் இருந்த அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள், தாம் உடுத்தியிருந்த பழைய ஆடையைக் கழுவி அதிலேயே தம்மைக் கபனிடுமாறு கூறினார்கள். அது நைந்துபோனதாயிற்றே என்று மகளார் சொன்னபோது, புத்தாடைக்கு இறந்தவரைவிட உயிரோடிருப்பவரே அதிகம் உரியவர் என்று விடையளித்தார்கள். கலீபாவின் கபன் அது!

கபுரைத் தோண்டும் முறையில் இரண்டு உள்ளன. குழியின் கிப்லாப் பக்கச் சுவரில் குடைந்து உடலை வைப்பது லஹது. குழியின் நடுவே வாய்க்கால்போல் பறித்து, வைத்து, மேலே மூடுவது ஷக்கு. நபியவர்கள் மறைந்த அன்று எம்முறையில் அடக்குவது என்று தோழர்களிடையே வினா எழுந்தது. மதீனத்தவருக்கு லஹது தோண்டுபவர் அபூதல்ஹா (ரலி). மக்கத்தவர் முறையில் ஷக்கு தோண்டுபவர் அபூஉபைதா (ரலி). இருவருக்கும் ஆளனுப்பினார்கள், முதலில் வருபவர் முறையே ஆகட்டும் என்று விட்டார்கள். அபூதல்ஹா முதலில் வந்தார்கள். உலகமே இருண்டுபோன அந்நாளிலும் அத்தோழர்கள் இதற்காகச் சண்டையிட்டுக் கொள்ளவில்லை. பின்வந்த இமாம்கள், உறுதியான நிலமாயின் லஹது சிறந்தது, இளகிய நிலமாயின் ஷக்கே சிறந்தது என வகுத்தார்கள். நம் கடற்கரை மணலில் சுவரைக் குடைந்தால் சரிந்துவிடும். அங்கே பலகை வைத்து மூடும் வழக்கம் நிலத்திற்கேற்ற சட்டமே.

மீஸான் கல்லுக்கும் ஆதாரம் உண்டு. உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்களை அடக்கிய பின் நபியவர்கள் ஒரு பாறைக் கல்லைத் தம் கைகளாலேயே தூக்கி வந்து தலைமாட்டில் வைத்தார்கள்; தம் சகோதரரின் கபுரை அடையாளம் காணவும், தம் குடும்பத்தாரை அருகில் அடக்கவும் அவ்வாறு செய்வதாகக் கூறினார்கள். அடையாளம் என்ற அளவில் கல் சுன்னத்துக்கு உட்பட்டது. ஆனால் கபுரைச் சுண்ணாம்பு பூசுவதையும் அதன்மீது கட்டடம் எழுப்புவதையும் நபியவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு முஸ்லிம் ஷரீபில் உள்ளது. மக்காவில் ஆட்சியாளர்கள் கபுருக் கட்டடங்களை இடித்ததைத் தாம் கண்டதாகவும், மார்க்க அறிஞர் எவரும் அதைக் குறை கூறவில்லை என்றும் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் அல்-உம்மு நூலில் எழுதியிருக்கின்றார்கள். அந்த இமாம் ஹிஜ்ரீ 204இல் எகிப்தில் மறைந்தார்கள். அவர்களுடைய கபுரின் மீது ஐயூபி சுல்தான் அல்-காமில் 1211ஆம் ஆண்டு கட்டிய பெருங் குப்பா கெய்ரோ நகரில் இன்றும் நிற்கிறது! அரசர்களின் அன்பு இமாம்களின் சொல்லைக் கேட்பதில்லை போலும்.

பச்சைக் கிளையின் மூலம் இரண்டு கபுர்களின் செய்தியாகும். ஒருவர் சிறுநீரிலிருந்து சுத்தம் பேணாதவர், மற்றவர் கோள் மூட்டித் திரிந்தவர். இருவரும் வேதனை செய்யப்படுவதை அறிந்த நபியவர்கள், பசிய பேரீச்ச மட்டை ஒன்றைப் பிளந்து இரண்டிலும் ஊன்றினார்கள். இது நபியவர்களுக்கே உரியது என்று கத்தாபீ (ரஹ்) போன்றோர் கருதினர். ஆயினும் புரைதா (ரலி) என்னும் தோழர் தம் கபுரில் இரு மட்டைகள் வைக்குமாறு வஸிய்யத் செய்ததை புகாரீ இமாம் பதிந்துள்ளார்கள். தல்கீனும் இத்தகையதே. அடக்கிய பின் ஓதும் தல்கீனுக்குரிய ஹதீஸ் பலவீனமானது என ஒப்புக்கொண்டே இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ஷாம் நாட்டவரின் தொன்றுதொட்ட வழக்கத்தைக் கருதி அதை விரும்பத்தக்கதாகக் கொண்டார்கள். வேறு பலர் கொள்ளவில்லை. இவ்விரு காரியங்களிலும் செய்பவருக்கும் சான்று உண்டு, விடுபவருக்கும் சான்று உண்டு. இவற்றிற்காக ஜமாஅத்துப் பிளவுபடுவது அறிவுடைமை ஆகாது.

ஆனால் நாட்களும் விருந்தும் அப்படிப்பட்டவை அல்ல. துக்கத்திற்கு ஷரீஅத் வகுத்த கணக்கு இரண்டே: கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதமும் பத்து நாளும், ஏனையோருக்கு மூன்று நாள். தம் தந்தையார் அபூஸுப்யான் மறைந்தபோது அன்னை உம்மு ஹபீபா (ரலி) அவர்கள், தமக்கு நறுமணத்தில் நாட்டம் இல்லாதிருந்தும் அதை வரவழைத்துப் பூசிக்கொண்டு, மூன்று நாளுக்கு மேல் துக்கம் காப்பது ஆகாது என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள். நாற்பது என்னும் எண் இக்கணக்கில் எங்கும் இல்லை. கீழைக் கிறிஸ்தவ திருச்சபைகளில் மூன்றாம், ஒன்பதாம், நாற்பதாம் நாட்களில் இறந்தோருக்காக வழிபாடு நடைபெறுவதும், நம் அண்டை வீட்டு இந்துக்கள் பதினாறாம் நாள் கருமாதி செய்வதும் நாம் அறிந்ததே. மனிதர் எங்கும் துயரத்தை எண்ணி அளக்கவே விரும்புகின்றனர்.

விருந்தைப் பற்றியோ ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் கூற்று தெளிவானது. மரண வீட்டில் கூடுவதையும், அடக்கத்திற்குப் பின் உணவு சமைப்பதையும் ஒப்பாரியின் பாற்பட்டதாகவே ஸஹாபாக்களாகிய தாங்கள் எண்ணியிருந்ததாக அவர்கள் கூறுகின்றார்கள். ஹனபி மத்ஹபின் பேரறிஞர் இப்னுல் ஹுமாம் (ரஹ்), விருந்து மகிழ்ச்சிக்கு உரியதேயன்றித் துன்பத்திற்கு உரியதன்று என்று காரணம் காட்டி, மரண வீட்டார் விருந்தளிப்பதை இழிவான பித்அத் என்றார்கள். ஷாபிஈ மத்ஹபில் இப்னு ஹஜர் ஹைத்தமீ (ரஹ்) அவர்களின் துஹ்பா அதை வெறுக்கத்தக்க பித்அத் என்கிறது. நம் மதரஸாக்களில் ஓதப்படும் பத்ஹுல் முயீன், மலபாரில் பிறந்த நூல். அதற்கு மக்காவில் எழுதப்பட்ட விரிவுரையான இஆனத்துத் தாலிபீன், மக்காவின் ஷாபிஈ முப்தி அஹ்மத் ஸைனீ தஹ்லான் (ரஹ்) அவர்களின் பத்வாவை எடுத்துக் காட்டுகிறது. மரண வீட்டில் கூடி உண்ணும் வழக்கத்தைத் தடுக்கும் ஆட்சியாளருக்கு நற்கூலி உண்டு என்பது அதன் தீர்ப்பு. இப்பாடம் வரும் ஆண்டெல்லாம், “நம்மூரில் மட்டும் ஏன் ஹஜ்ரத் இப்படி?” என்று மாணவர்களுள் ஒருவரேனும் கேளாதிருந்ததில்லை.

இப்படிச் சொல்வதே வஹாபிக் கொள்கை என்று சிலர் வாயடைக்க முற்படுவர். அன்னார் ஒன்றை அறிதல் வேண்டும். வஹாபிகளை மறுத்துத் தனி நூலே எழுதியவர் அந்த ஸைனீ தஹ்லான் அவர்கள்தாம்!

மறுபுறச் சான்றையும் மறைக்கலாகாது. இறந்தோர் ஏழு நாள் கபுரில் சோதிக்கப்படுகின்றனர் என்றும், அந்நாட்களில் அவர்கள் சார்பில் உணவளிப்பதை முன்னோர் விரும்பினர் என்றும் தாவூஸ் (ரஹ்) அவர்கள் கூறியதை இமாம் ஸுயூத்தீ (ரஹ்) எடுத்தாண்டுள்ளார்கள். தாயை இழந்த ஸஅது இப்னு உபாதா (ரலி) அவர்கள், நபியவர்களிடம் கேட்டுத் தம் தோட்டத்தைத் தாயின் பெயரால் தருமம் செய்தார்கள். இறந்தவருக்காக ஏழைக்குக் கொடுப்பது ஒன்று. ஊர்ப் பெரியவர்களுக்குப் பந்தி வைப்பது மற்றொன்று. நம் நாற்பதாம் நாள் பந்தியில் ஏழை எந்த வரிசையில் அமர்கிறார் என்பதைக் கண்டால் இவ்வேறுபாடு விளங்கும்.

இதில் மிகக் கொடியது பணம் வரும் வழி. இறந்தவர் விட்டுச் சென்ற பொருளிலிருந்து முதலில் அடக்கச் செலவு, பின் கடன், பின் வஸிய்யத், அதன்பின் வாரிசுகள். நாற்பதாம் நாள் விருந்து அடக்கச் செலவில் சேராது. சிறு பிள்ளைகளை விட்டு ஒருவர் இறந்தால், அவர் மூச்சு நின்ற கணத்திலேயே பிள்ளைகளின் பங்கு பிள்ளைகளுடையதாகிவிடுகிறது. அதில் ஆடு வாங்கவும் அரிசி வாங்கவும் தாய்க்கும் உரிமையில்லை, மாமன்மாருக்கும் உரிமையில்லை. பருவமடையாத பிள்ளை தலையசைத்தாலும் அது சம்மதம் ஆகாது. அங்கே காரியம் மக்ரூஹ் என்ற நிலையைத் தாண்டி ஹராம் ஆகிறது. அநாதைகளின் சொத்தை அநியாயமாக உண்பவர் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புவதாக அந்நிஸா அத்தியாயத்தின் பத்தாம் வசனம் எச்சரிக்கிறது. சொத்தே இல்லாத வீட்டிலோ கடன் வாங்குகின்றனர். இத்தாவில் இருக்கும் பெண் தாலிச் செயினை அடகு வைக்க அனுப்புகிறாள். வைக்காவிட்டால், வாப்பாவுக்கு நாற்பதுகூட ஓதவில்லை என்ற சொல் அப்பிள்ளைகளைத் திருமணப் பேச்சு வரை துரத்துகிறது.

ஹிஜ்ரீ 8இல் (கி.பி. 629) மூத்தாப் போரில் ஜஅபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தியுடன் நபியவர்கள் அவருடைய இல்லத்திற்கு வந்தார்கள். துணைவியார் அஸ்மா (ரலி) அப்போதுதான் மாவு பிசைந்து வைத்து, பிள்ளைகளைக் கழுவி எண்ணெய் தேய்த்துவிட்டிருந்தார்கள். நபியவர்கள் பிள்ளைகளை வரவழைத்து முகர்ந்தார்கள். கண்கள் நீர் சொரிந்தன. பிறகு தம் வீட்டாரிடம் சென்று, ஜஅபரின் குடும்பத்தாருக்கு உணவு சமையுங்கள், அவர்கள் தம்மை மறந்த துயரில் உள்ளனர் எனப் பணித்தார்கள். மூன்று நாள் விட்டிருந்து மீண்டும் வந்து, இன்றைக்குப் பின் தம் சகோதரருக்காக அழ வேண்டாம் என்று கூறி, நாவிதரை அழைத்து அப்பிள்ளைகளின் தலைமுடியைக் களையச் செய்தார்கள். பிள்ளைகள் அநாதைகளாகிவிட்டதைத் தாய் எடுத்துரைத்தபோது, இம்மையிலும் மறுமையிலும் அவர்களுக்குப் பொறுப்பாளராகத் தாம் இருக்க, அவர்கள் வறுமைக்கு ஆளாவார்கள் என்று அஞ்சுகிறாயா என அவ்வம்மையாரிடம் கேட்டார்கள்.