ஆங்காக் முதல் ஈஸ்ட் வரை: நிறம் எடுத்த கதை

கிள்ளானிலோ பெட்டாலிங் ஸ்திரீட்டிலோ சீன மருந்துக்கடைக்குப் போய் ‘ஆங்காக்’ என்று கேட்டால், கருஞ்சிவப்பாக ஓர் அரிசியை எடுத்துத் தருவார்கள். நாம கஞ்சி வைக்கிற சிவப்பரிசி வேறு. இது சாதாரண வெள்ளை அரிசிதான். மேலே ஒரு நுண்ணுயிர் வளர்ந்து சிவப்பாக்கியிருக்கிறது. நுண்ணுயிரிலிருந்து நிறம் எடுப்பது புதுத் தொழில்நுட்பம்னு மாணவர்கள் நினைத்தால், இந்த அரிசியை வகுப்பில் காட்டலாம்.

சீனாவில் லீ ஷிஜென் எழுதி 1596-இல் வெளிவந்த மருத்துவ நூலிலேயே இது இடம்பெற்றிருக்கிறது. ஜாவாவில் கிடைத்த ஆங்காக்கை ஆராய்ந்த டச்சுத் தாவரவியலாளர் வெண்ட், 1895-இல் அந்த உயிருக்கு மொனாஸ்கஸ் பர்பூரியஸ் என்று பெயரிட்டார். ஆங்கிலத்தில் ‘சிவப்பு ஈஸ்ட் அரிசி’ என்பார்கள். உண்மையில் மொனாஸ்கஸ் ஈஸ்ட் அல்ல, ஒரு பூஞ்சை.

இதில் நிறத்தைப் பிரிக்கத் தனி இரசாயனம் தேவைப்படவில்லை. சமையலில் தண்ணீரும் அரிசி மதுவுமே அந்த வேலையைச் செய்தன. ஆனால், இயற்கை என்பதாலேயே பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. சில மொனாஸ்கஸ் வகைகள் சிட்ரினின் என்ற நச்சையும் உண்டாக்குகின்றன என்று 1995-இல் தெரியவந்தது.

இதற்கு நெடுநாள் முன்பே, 1856-இல், இலண்டனில் வில்லியம் பெர்கின் நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு ஊதாச் சாயம் தயாரித்தார். மலிவான செயற்கைச் சாயங்கள் பெருகி, இயற்கை நிறங்களை ஓரங்கட்டின. உணவுக்கு ஆகாத சாயங்களும் உணவில் நுழைந்தன. துணிக்குப் போடும் ரோடமின் பி சாயம் கலந்ததால், 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது நினைவிருக்கும்.

மறுபடியும் இயற்கையைத் தேடியபோதுதான் உண்மையான ஈஸ்ட் வருகிறது. 1960களின் பிற்பகுதியில் ஹெர்மன் பாஃப் ஜப்பானிலும் அலாஸ்காவிலும் மரங்களில் கசிந்த சாற்றிலிருந்து ஒரு சிவப்பு ஈஸ்டைப் பிரித்தெடுத்தார். அதன் நிறமி அஸ்டாசாந்தின் என்று 1976-இல் உறுதியானது. சால்மன் மீனின் சதைக்குச் செம்மை தருவதும் இதே நிறமிதான்.

ஒரு சிக்கல்: நிறமி ஈஸ்டின் உயிரணுவுக்குள் இருக்கிறது, அதைச் சுற்றிக் கெட்டியான சுவர். தண்ணீரிலும் அது கரையாது. அதனால் அசிட்டோன், பெட்ரோலியத்திலிருந்து வரும் ஹெக்சேன் போன்றவற்றை ஊற்றி எடுத்தார்கள். நிறம் இயற்கை, எடுக்கும் வழி அப்படியில்லை!

1998-இல் பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் இருவரும் பசுமை வேதியியலின் 12 கொள்கைகளை வகுத்தார்கள். தீங்கு குறைந்த கரைப்பானைப் பயன்படுத்து என்பது அதில் ஒன்று. இப்போது ஆய்வாளர்கள் என்சைமாலோ ஒலியலையாலோ சுவரை உடைக்கிறார்கள். எத்தனாலில் நிறமியைக் கரைக்கிறார்கள். கரியமில வாயுவை 31 டிகிரி செல்சியஸுக்கு மேல், சுமார் 73 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் வைத்தால் அதுவும் கரைப்பானாகும். அழுத்தத்தைக் குறைத்ததும் வாயு பிரிந்துவிடும்; நிறமி தங்கும்.

இந்தக் கதை நமக்கு அந்நியமல்ல. கோலசிலாங்கூர் பக்கம் தென்னமாரம் தோட்டத்தில் 1917-இல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது. நம் முன்னோர் பலர் தோட்டங்களில் வெட்டிச் சுமந்த அந்தப் பழத்தின் செம்மையும் அஸ்டாசாந்தின் குடும்பத்தைச் சேர்ந்த கரோட்டின்தான். வழக்கமான சுத்திகரிப்பில், களிமண்ணும் கடும் வெப்பமும் அந்த நிறத்தை அழித்துவிடுகின்றன. கடைக்கு வருவது வெளிர்மஞ்சள் எண்ணெய்.

வகுப்பறைக்கு: துருவிய கேரட்டை ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரிலும், இன்னொன்றில் சமையல் எண்ணெயிலும் ஊறவையுங்கள். நாசி கெராபுவுக்கு நீலம் தரும் சங்குப்பூவையும் அதேபோல் இரண்டு கிண்ணங்களில் போடுங்கள். எது எதில் இறங்குகிறது, ஏன்னு மாணவர்களையே சொல்லச் சொல்லுங்கள். பிறகு ‘இயற்கை நிறம்’ என்று அச்சிட்ட ஒரு பொட்டலத்தைக் காட்டி, “இதை எதைக் கொண்டு எடுத்திருப்பாங்க?” என்று கேளுங்கள்.