கேட்பவன் கொடுக்கும் கூலி: வானொலிக் குரல்கள் பாட்காஸ்ட்டுக்கு வந்த வரலாறு

கல்லாவில் உட்கார்ந்து பழகியவனுக்கு எதைப் பார்த்தாலும் முதலில் தோன்றும் கேள்வி ஒன்றே: இதற்குக் காசு கொடுப்பது யார்? நான் நாற்பது ஆண்டுகளாக மும்பையில் காகித வியாபாரம் செய்கிறேன். இரவில் கடை அடைத்தபின் படிப்பது பழக்கம். வானொலியின் வரலாற்றைப் படிக்கும்போதும் இந்தக் கேள்வியை நான் விடவில்லை. அப்படிப் பார்த்ததில் கிடைத்த செய்திகளை மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வானொலியில் பேசிப் பேர் வாங்கியவர்களில் பலர் இப்போது பாட்காஸ்ட்டுக்கு வந்துவிட்டார்கள். பெரியவர்களுக்காக ஒரு விளக்கம். பாட்காஸ்ட் என்பது பதிவு செய்து இணையத்தில் வைக்கப்படும் பேச்சு. இத்தனை மணிக்கு என்று காத்திருக்க வேண்டாம். வேண்டியபோது செல்பேசியில் கேட்கலாம். பல சும்மா கிடைக்கின்றன. சிலவற்றுக்குச் சந்தா கட்ட வேண்டும். "ரேடியோவைப் போய் யாராவது காசு குடுத்துக் கேப்பாங்களா?" என்று நம் வீடுகளில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் என்றைக்கு அதைச் சும்மா கேட்டோம்?

தபாலாபீஸ் லைசென்ஸ்

மூத்த தலைமுறைக்கு நினைவிருக்கும். ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு வருஷமும் தபாலாபீசுக்குப் போய் லைசென்ஸ் கட்ட வேண்டும். சிறு புத்தகம் ஒன்று இருக்கும். அதில் ஸ்டாம்பு ஒட்டி முத்திரை குத்துவார்கள். 1980களின் நடுவில்தான் இதை எடுத்தார்கள். வந்தவாசிப் பக்கத்தில் எங்கள் ஊர் வீட்டில், நிலவரி ரசீதுகளோடு இந்தப் புத்தகத்தையும் அப்பா கட்டி வைத்திருந்தார். ஆக, கேட்பவன் காசு கொடுத்தான்; அது சர்க்கார் கைக்குப் போனது.

சர்க்கார் காசில் நல்ல குரல்கள் வந்தன. 1947 ஆகஸ்ட் 15இல் நாடு விடுதலை பெற்ற செய்தியை டெல்லியிலிருந்து தமிழில் வாசித்தவர், பின்னாளில் நாடகத்திலும் சினிமாவிலும் நாம் பார்த்து ரசித்த பூர்ணம் விஸ்வநாதன். பிறகு பல ஆண்டுகள் டெல்லியிலிருந்து செய்தி வாசித்த சரோஜ் நாராயணஸ்வாமி தஞ்சாவூர்க் குடும்பத்தவர். ஆனால் மும்பையில் பிறந்து வளர்ந்தவர். 2022 ஆகஸ்ட் 13இல் இதே மும்பையில்தான் காலமானார். தமிழ்நாட்டு வீடுகளைக் காலையில் எழுப்பிய அந்தத் தமிழ், நம்மைப் போன்ற வெளிமாநிலத் தமிழர் ஒருவருடையது. நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் காசு கொடுக்கிற கை, வாயையும் பிடிக்கும். 1952இல் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர் சாஸ்திரிய சங்கீதப் பற்றாளர். சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் நேரம் சுருங்கி, பிறகு நின்றே போனது.

பற்பசை கொடுத்த காசு

சரக்கு ஒரு கடையில் இல்லையென்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். அடுத்த கடை கொழும்பில் இருந்தது. ரேடியோ சிலோனின் சிற்றலை இந்தியா முழுக்கக் கேட்டது. விளம்பரத்துக்கும் அங்கே தடையில்லை. 1952 டிசம்பர் 3ஆம் தேதி, புதன்கிழமை இரவு, பினாகா கீத்மாலா தொடங்கியது. பினாகா என்பது சீபா கம்பெனியின் பற்பசை. நடத்தியவர் மும்பையைச் சேர்ந்த அமீன் சயானி. அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. நிகழ்ச்சியை மும்பையிலேயே பதிவு செய்து, நாடாவை விமானத்தில் கொழும்புக்கு அனுப்பினார்கள்.

தமக்கு அப்போது கிடைத்தது வாரம் 25 ரூபாய் என்று சயானி பின்னாளில் சொல்லியிருக்கிறார். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்தனவாம். இங்கேதான் வியாபாரி கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கேட்டவர்கள் குரலுக்கு நேராக ஒரு பைசாவும் கொடுக்கவில்லை. பற்பசை விலைக்குள் அந்தக் காசு மறைந்திருந்தது. கடிதம்தான் கணக்கு. எத்தனை கடிதம் வந்ததோ அத்தனை பேர் கேட்டார்கள் என்று கம்பெனி நம்பியது.

தமிழிலும் இதே கதைதான். ரேடியோ சிலோனின் மயில்வாகனன், பிறகு பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோர் தென்னிந்தியாவில் வீட்டு மனிதர்கள் போல ஆனார்கள்.

சர்க்காருக்கும் பாடம் புரிந்தது. 1957 அக்டோபர் 3இல் விவித பாரதி வந்தது. 1967 நவம்பர் 1 முதல் அதில் விளம்பரமும் வந்தது. கீத்மாலா 1989இல் விவித பாரதிக்கே குடிவந்து 1994 வரை நடந்தது. கதை அத்தோடு முடியவில்லை. 2017இல் சரிகம கம்பெனி 'காரவான்' என்று ஒரு பாட்டுப்பெட்டி விற்றது. அதில் சயானி வழங்கும் கீத்மாலாவும் சேர்த்தி. கொழும்பிலிருந்து சும்மா வந்த குரலைக் கடையில் விலை கொடுத்து வாங்கினார்கள். 2024 பிப்ரவரி 20இல் சயானி காலமானார்.

எஃப்எம்முக்கு ஊர் எல்லை உண்டு

2001 ஜூலையில் பெங்களூரில் ரேடியோ சிட்டி தொடங்கியது. இந்தியாவின் முதல் தனியார் எஃப்எம். 2003இல் சென்னையிலும் தனியார் நிலையங்கள் வந்தன. அரட்டையும் பாட்டுமாக ஆர்.ஜே. என்ற புது வர்க்கம் உருவானது. ஆனால் சொந்தமாகச் செய்தி சொல்ல இவர்களுக்கு அனுமதி கிடையாது. ஆகாசவாணி செய்தியை மட்டும் எடுத்துப் போடலாம். இரண்டு விளம்பரத்துக்கு நடுவில் நீளமாகப் பேசவும் முடியாது.

நமக்கு இதில் இன்னொரு நஷ்டம் உண்டு. சிற்றலை கடல் தாண்டும். எஃப்எம் ஓர் ஊரும் சுற்றுவட்டமும்தான். லைசென்ஸும் ஊருக்கு ஒன்றாகத்தான் கொடுக்கிறார்கள். சென்னை ஆர்.ஜே. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மும்பைக்கோ டெல்லிக்கோ அவர் குரல் எட்டாது. சிற்றலையும் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30இல் நின்றது. தமிழ்நாட்டில் வானொலி பெருகிய அதே காலத்தில் வெளிமாநிலத் தமிழன் காதில் தமிழ் குறைந்தது.

சந்தா வந்த வழி

குரலுக்கு நேரடிச் சந்தா என்ற யோசனை நம் நாட்டுக்கு முதலில் வானத்திலிருந்து வந்தது. வேர்ல்ட்ஸ்பேஸ் கம்பெனி 2000ஆம் ஆண்டு ஏவிய ஆசியாஸ்டார் செயற்கைக்கோள் மூலம் பல மொழிகளில், தமிழிலும், சந்தா வானொலி நடத்தியது. விளம்பரமில்லாத பாட்டு, தனிப் பெட்டி. 2008இல் கம்பெனி அமெரிக்காவில் திவால் மனு போட்டது. 2009 டிசம்பர் 31இல் இந்தியச் சேவை நின்றது. சந்தா கட்டியவர்கள் வீட்டில் மிஞ்சியது பெட்டி மட்டும்.

அமெரிக்காவில் ஹோவர்ட் ஸ்டெர்ன் என்ற வாயாடி வானொலிக்காரர், ஆபாசப் பேச்சுக்கு அபராதங்கள் விழுந்ததால் வெறுத்துப்போய், ஐந்தாண்டுக்கு 50 கோடி டாலர் ஒப்பந்தத்தில் சிரியஸ் என்ற சந்தா வானொலிக்குப் போனார். 2006 ஜனவரியில் அங்கே பேசத் தொடங்கினார். அதே நேரம் லண்டனில் இன்னொன்று நடந்தது. எக்ஸ்எஃப்எம் நிலையத்தில் சேர்ந்து பேசிவந்த ரிக்கி ஜெர்வைஸ், ஸ்டீபன் மெர்ச்சன்ட், கார்ல் பில்கிங்டன் மூவரும் 2005 டிசம்பரில் இலவச பாட்காஸ்ட் தொடங்கினார்கள். முதல் மாதத்தில் சராசரியாக ஒரு நிகழ்ச்சியை 2,61,670 முறை இறக்கிக்கொண்டார்கள் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 2006 பிப்ரவரி கடைசியில் ஆடிபிள் கம்பெனி வழியாக விலை வைத்தார்கள். முதலில் ருசி காட்டி, பிறகு விலை சொல்வது எந்தச் சந்தையிலும் உள்ள முறைதான்.

நம் நாட்டில் 2011 முதல் பிக் எஃப்எம்மில் கதை சொல்லிப் புகழ்பெற்ற நீலேஷ் மிஸ்ரா, பிறகு சாவன் போன்ற இணையச் சேவைகளுக்கும் கதை சொன்னார். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்ததும் பாதை திறந்தது. 2018இல் மும்பையில் தொடங்கிய குக்கூ எஃப்எம் பேரில்தான் எஃப்எம். உள்ளே இருப்பது சந்தாவுக்குக் கேட்கும் கதைகளும் புத்தகங்களும், தமிழிலும் உண்டு. 2021இல் ஆப்பிள் கம்பெனியும் பாட்காஸ்ட்டுக்குச் சந்தா வசதி செய்தது. பேசுபவர் நிலையத்தையோ பற்பசையையோ நம்பாமல் கேட்பவரிடமே கை நீட்டலாம் என்றாயிற்று.

சாவகர் என்றால் கேட்பவர்

எங்கள் சமண மரபில் இல்லறத்தாருக்குச் சாவகர் என்று பேர். சிராவகர் என்ற சொல்லின் தமிழ் உருவம் அது, பொருள் 'கேட்பவர்'. துறவி அறம் சொல்கிறார். அதற்கு விலை கிடையாது. ஆனால் அவருக்கு ஆகாரம் கொடுப்பது கேட்டவர் கடமை. சொல்லுக்கு விலையில்லை, சொல்பவருக்குச் சோறு உண்டு. இந்த ஏற்பாடு நூற்றாண்டுகள் தாங்கியிருக்கிறது. சந்தாவை நான் இப்படித்தான் பார்க்கிறேன். சர்க்கார் கொடுத்தபோது சர்க்காருக்குப் பிடித்ததைச் சொன்னார்கள். பற்பசை கொடுத்தபோது பற்பசை விற்கிறதைச் சொன்னார்கள். கேட்பவனே கொடுத்தால் ஒரு மணி நேரம் ஒரு கல்வெட்டைப் பற்றிப் பேசினாலும் பிழைக்கலாம். ஊர் எல்லையும் இல்லை.

ஆனால் கணக்கில் ஒரு நஷ்டமும் எழுத வேண்டும். அந்தத் துறவி பேசும் இடத்தில் கொடுத்தவர் பக்கத்தில் கொடுக்காதவரும் உட்கார்ந்து கேட்டார். ரேடியோவும் அப்படியே. டீக்கடையில் நின்றவன், அடுத்த வீட்டு அம்மாள், தரையில் விளையாடிய குழந்தை, எல்லார் காதிலும் விழுந்தது. என் பிள்ளைகள் தமிழ் எழுத்து படித்தது கொஞ்சம்தான். பேச்சு மட்டும் திருத்தமாக வந்ததற்குச் சமையலறையில் ஓடிய காலைச் செய்தியும் இரவுத் தமிழோசையும் ஒரு காரணம். அவர்களை உட்கார வைத்து யாரும் கேட்கச் சொல்லவில்லை. பாட்காஸ்ட்டோ காதுக்குள் மாட்டிக்கொள்ளும் சமாசாரம். சந்தா கட்டியவர் கேட்கிறார். பக்கத்தில் உட்கார்ந்த பேரனுக்கு அது தெரியாது. மும்பை, டெல்லி, கொல்கத்தாவில் வளரும் குழந்தைக்கு வெளியே தெருவில் தமிழ் இல்லை. வீட்டுக்குள்ளும் அது ஒருவர் காதோடு நின்றுவிட்டால் எங்கிருந்து வரும்?

நாம் செய்யக்கூடியது

மாற்று எளிது. குடும்பத்துக்கு ஒரு தமிழ்க் குரலாவது தேர்ந்தெடுத்து, அதற்குரிய சந்தாவைத் தயங்காமல் கட்டுங்கள். லைசென்ஸ் கட்டிய பரம்பரை நாம். வருஷக் கணக்காகக் கட்டாமல் மாதாமாதம் கட்டுங்கள். கம்பெனி நாளை இருக்குமோ இருக்காதோ, வேர்ல்ட்ஸ்பேஸ் கதை சொல்லிவிட்டேன். கட்டியபின் காதில் மாட்டாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் ஸ்பீக்கரில் போட்டு வையுங்கள். குழந்தைகள் கேட்காத மாதிரிதான் இருப்பார்கள். அப்படித்தான் நாமும் கேட்டோம்.