ஏய்ப்புப் புரதங்களும் தடுப்பூசி வடிவமைப்பும்

பாக்டீரியாவின் மேற்பரப்பில் வெளிப்பட்டு நிற்கும் புரதங்களைத் தடுப்பூசிக்குத் தேர்ந்தெடுப்பது வழக்கம். எதிர்ப்பொருள்கள் எளிதில் எட்டக்கூடியவை அவையே. ஆனால் அவற்றுட் சில, நம் தற்காப்பைச் செயலிழக்கச் செய்வதையே தொழிலாகக் கொண்டவை. அத்தகைய புரதத்தை இயல்பு மாறாமல் உடலுக்குள் செலுத்தினால், அங்கும் அது தன் தொழிலைத் தொடரும். எனவே ஏய்க்கும் திறனை நீக்கி, வடிவத்தை மட்டும் காத்துத் தருவதே தடுப்பூசி வடிவமைப்பின் முதல் விதியாக வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதற்சான்று, தோல் கட்டி முதல் இரத்தத் தொற்று வரை உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸின் புரதம் ஏ. சார்ட்டேஸ் என்னும் நொதி இதைச் செல்சுவரில் பிணைக்கிறது. பொதுவாக எதிர்ப்பொருளின் இரு கைகளும் கிருமியைப் பற்ற, அதன் வால்பகுதி வெளிநோக்கி நிற்கும். அந்த வாலை இனங்கண்டே விழுங்கு செல்கள் நெருங்குகின்றன. நிரப்புப் புரதங்களின் தொடர்வினையும் அதிலிருந்தே தொடங்குகிறது. புரதம் ஏயின் ஐந்து பிணைப்புப் பகுதிகளும் வாலையே பற்றிக்கொள்வதால், மேலெல்லாம் எதிர்ப்பொருள் படிந்திருந்தும் கிருமி விழுங்கப்படுவதில்லை. இதன் இரண்டாவது செயல் இன்னும் கேடானது. குறிப்பிட்ட ஒரு குடும்ப ஏற்பிகளைக் கொண்ட பி செல்களை, அவை எந்த ஆன்டிஜெனுக்கு உரியவை என்ற வேறுபாடின்றிப் பிணைத்துத் தூண்டி, அழிவுக்குத் தள்ளுகிறது. பயனுள்ள எதிர்ப்பொருள்கள் உருவாகும் ஊற்றே இதனால் தடைப்படுகிறது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒலாஃப் ஷ்னீவிண்ட் குழுவினர் ஒவ்வொரு பகுதியிலும் நான்கு அமினோ அமிலங்களை மாற்றி, இவ்விரு பிணைப்புகளையும் நீக்கினர். அந்த முடக்கிய புரதம் எலிகளில் புரதம் ஏயைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்களைத் தோற்றுவித்துத் தொற்றிலிருந்து காத்ததை 2010இல் வெளியிட்டனர்.

இரண்டாவது சான்று, மூளையுறை அழற்சி உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ். நம் செல்களை நிரப்புப் புரதங்களின் தாக்குதலிலிருந்து காக்கும் காரணி எச் இரத்தத்தில் உள்ளது. இக்கிருமியின் காரணி எச் பிணைப்புப் புரதம் அதைத் தன்மேல் இழுத்து வைத்துக்கொள்கிறது. அதனால் நம் காப்பு கிருமிக்கும் கிடைத்துவிடுகிறது. மனிதக் காரணி எச்சை வலுவாகப் பற்றும் இப்புரதம் எலியின் காரணியைப் பற்றுவதில்லை. ஆகவே சாதாரண எலிகளில் நடக்கும் சோதனை இச்சிக்கலை மறைத்துவிடும். மனிதக் காரணி எச் சுரக்கும்படி மாற்றப்பட்ட எலிகளில், 41ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் செரினை வைத்து முடக்கிய புரதம், இயல்பான புரதத்தைவிட வலிமையான பாக்டீரியக் கொல்திறனைத் தூண்டியது. காரணி எச், பிணைப்புப் புரதத்தின் ஒரு பக்கத்தை மூடிக்கொண்டால், அப்பக்கம் பி செல்களின் பார்வைக்குத் தப்பிவிடும் என்பதே இதற்கான பொருத்தமான விளக்கம்.

இதற்கு இரு மறுப்புகள் எழலாம். பிணைப்புத்திறன் நீக்கப்படாத இப்புரதத்தைக் கொண்ட பெக்ஸெரோ என்னும் மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசி 2015 முதல் பிரிட்டனில் குழந்தைகளுக்கு அளிக்கப்பட்டு நோயைக் குறைத்துள்ளதே என்பது ஒன்று. அந்த வெற்றி மறுக்கமுடியாதது. ஆயினும் அத்தடுப்பூசியில் வேறு ஆன்டிஜென்களும் சேர்ந்துள்ளன. மேலும், பயன் தருவதாலேயே ஒரு வடிவம் சிறந்த வடிவமாகிவிடாது. எலியில் பலித்தது மனிதரில் பலிக்குமா என்பது மற்றொன்று. இது வலுவான மறுப்பு. இரும்பைக் கவரும் மற்றொரு ஸ்டெஃபைலோகாக்கஸ் புரதத்தால் செய்த தடுப்பூசி எலிகளைக் காத்தது. இதய அறுவை நோயாளிகளிடம் நடந்த அதன் சோதனையோ பயனின்றி 2011இல் நிறுத்தப்பட்டது. ஆனால் இத்தோல்வி மேற்கண்ட வாதத்தைத் தகர்ப்பதில்லை. எலியும் மனிதனும் கிருமியின் புரதத்தின் முன் வேறுபடலாம் என்பதையே அது நினைவூட்டுகிறது.

ஆகவே இரண்டு நடைமுறைகள் கட்டாயமாக வேண்டும். தேர்ந்தெடுத்த புரதம் மனித உடலின் எந்த மூலக்கூறோடு பிணைகிறது என்பதை வடிவமைப்பின் தொடக்கத்திலேயே கண்டறிய வேண்டும். அப்பிணைப்பு இருக்குமாயின், முடக்கிய வடிவத்தையும் இயல்பான வடிவத்தையும் அம்மனித மூலக்கூறு உள்ள சூழலிலேயே ஒப்பிட வேண்டும். இவ்வொப்பீடு செய்யாமல் மனிதச் சோதனைக்குச் செல்வது, தன்னார்வலர்களின் உடலையும் நம்பிக்கையையும் வீணாக்குவதாகும்.