மறுமுறை பார்ப்பதற்கு ஒரு பிரதி வேண்டும்

‘ஆலம் ஆரா’ படத்தின் பிரதிகளை அச்சிட்டதாகக் கருதப்படும் இயந்திரம் மும்பையில் இருக்கிறது. படக்கூடம் நடத்திய ஒருவர் 1962-இல் அதை 2,500 ரூபாய்க்கு வாங்கினார். 2000-ஆம் ஆண்டு வரை அவருடைய கூடத்தில் அது வேறு படங்களுக்காக உழைத்தது. படம்தான் இல்லை. 1931 மார்ச் 14 அன்று பம்பாய் மெஜஸ்டிக் அரங்கில் வெளியான, அர்தேஷிர் இரானி இயக்கிய, இந்தியாவின் முதல் பேசும்படம் அது. ஏழு பாடல்களோடு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடிய அப்படம் இன்று சில நிழற்படங்களாகவும் விளம்பரத் தாள்களாகவும் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

மீண்டும் மீண்டும் பார்க்கத் தகுந்த பழைய இந்தியப் படங்கள் எவை என்ற விவாதம் பெரும்பாலும் சுவை பற்றிய விவாதமாகவே நடக்கிறது. நடிப்பு, இசை, திரைக்கதை, இயக்குநரின் மேதைமை என்றே பேச்சு நீளும். ஆனால் ‘ஆலம் ஆரா’ எந்தப் பட்டியலிலும் இடம்பெறாததற்கும் அதன் தரத்துக்கும் தொடர்பில்லை. அதை மதிப்பிடும் வாய்ப்பே எவருக்கும் இல்லை. செவ்வியல் படம் என்று இன்று சுட்டப்படுவது, முதலில் அழியாமல் தப்பிய படம். எது தப்பியது, எது அழிந்தது என்பதைத் தீர்மானித்தவர்கள் விமர்சகர்கள் அல்லர். வெள்ளி விலையும், நீதிமன்றமும், தீயும், ஓரிரு தனிமனிதர்களின் பிடிவாதமும் அந்த வேலையைச் செய்தன.

வெள்ளி விலை என்பது உருவகம் அன்று. 1950-களின் தொடக்கம் வரை திரைப்படங்கள் செல்லுலோஸ் நைட்ரேட் சுருள்களில் பதிவாயின. அதன்மேல் பூசப்பட்ட பூச்சில் வெள்ளி இருந்தது. திரையரங்குகளில் ஓடி முடிந்த பிரதிக்குப் பொருளியல் மதிப்பு ஏதும் இல்லை. அதைக் கழுவினால் வெள்ளி கிடைக்கும். வெள்ளி நீங்கிய வெறும் சுருள் வளையலாகவும் கைப்பையாகவும் மறுபிறவி எடுத்தது. புணேயில் 1964-இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்ட பின், அதன் காப்பாளராகப் படங்களைத் தேடி அலைந்த பி.கே. நாயர், இரானியின் குடும்பத்தாரையும் சந்தித்தார். எஞ்சியிருந்த சுருள்களையும் வெள்ளிக்காகக் கொடுத்துவிட்டதாக இரானியின் மகனே தம்மிடம் சொன்னதை நாயர் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். அந்தக் குடும்பத்தைக் குறை சொல்வது எளிது. படம் என்பது ஓடி முடிந்ததும் தீர்ந்துபோகும் சரக்கு என்ற எண்ணம் அன்றைய தொழில் முழுவதிலும் இருந்தது. ஹாலிவுட்டும் இதற்கு விலக்கன்று.

விளைவு, எண்ணிக்கையில் தெரிகிறது. இந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப்படங்கள் சுமார் 1,300. புணேக் காப்பகத்தில் முழுதாகவோ துண்டாகவோ இருப்பவை ஏறத்தாழ 30. 1913-இல் வெளியான பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் இன்று காணக் கிடைப்பவை இரண்டு சுருள்கள்; அவையும் 1917-இல் பால்கே மீண்டும் எடுத்த படத்தைச் சேர்ந்தவை என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. ஆகவே இந்திய மௌனப்படத்தின் அழகியல் என்று எழுதப்படும் எதுவும் நூற்றில் இரண்டு, மூன்று படங்களை வைத்து எழுதப்படுவதே. எட்டுத்தொகையில் ஓரிரு பாடல்கள் மட்டும் கிடைத்திருந்து, அவற்றைக் கொண்டு சங்க இலக்கியத்தின் இயல்பை வரையறுக்க நேர்ந்திருந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

தப்பியவை தப்பிய விதமும் விந்தையானது. சி.வி. ராமன் பிள்ளையின் 1891-ஆம் ஆண்டு மலையாள நாவலைத் தழுவிய ‘மார்த்தாண்ட வர்மா’ என்னும் மௌனப்படம் 1933-இல் திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் வெளியானது. நாவலின் பதிப்புரிமையை வைத்திருந்த கமலாலயா புத்தக நிறுவனம் வழக்குத் தொடுத்தது. படம் முடக்கப்பட்டு, அதன் பிரதி பதிப்பகத்தாரின் கைக்குப் போனது. ஓடாத படம் தேயவில்லை, கழுவப்படவுமில்லை. 1974-இல் அது புணேக்கு வந்து சேர்ந்தது. தயாரிப்பாளரைக் கவிழ்த்த வழக்கு, படத்தைக் காப்பாற்றியது.

அதே ஊரில், அதே கேப்பிட்டல் அரங்கில், சில ஆண்டுகள் முன்னதாக ஜே.சி. டேனியலின் ‘விகதகுமாரன்’ திரையிடப்பட்டிருந்தது. டேனியல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீசுவரத்துக்காரர். நாயகியாக நடித்த பி.கே. ரோசி தலித் பெண். திரையில் நாயர் குலப் பெண்ணாகத் தோன்றினார் என்பதற்காகத் தாக்கப்பட்டு, ஊரைவிட்டே போக நேர்ந்தது. அந்தப் படத்தின்மேல் பதிப்புரிமை வழக்கு எதுவும் இல்லை, பிரதியும் எஞ்சவில்லை. ரோசி எப்படி நடித்தார் என்பதற்கு இருந்த ஒரே சான்று அதனோடு போயிற்று. இன்று அவரைப் பற்றிக் கவிதைகளும் நாவலும் படமும் உண்டு. அவர் நடித்த ஒரு காட்சிகூட இல்லை. இழப்பு எல்லோரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை என்பதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு இந்தியத் திரை வரலாற்றில் இல்லை எனலாம்.

மொழியியல் நோக்கில் இந்த இழப்புக்கு இன்னொரு முகம் உண்டு. திரைப்பட வரலாற்றாசிரியர்கள் அதைப் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. ‘ஆலம் ஆரா’ பார்சி நாடக மேடையிலிருந்து வந்த கதை. ஜோசப் டேவிட்டின் நாடகம். இந்தி என்றும் உருது என்றும் பிரிவதற்கு முந்தைய ஒரு மேடை மொழியின் ஒலிப்பும் ஏற்ற இறக்கமும் அதில் பதிவாகியிருந்தன. அதே 1931 அக்டோபரில் வெளியான ‘காளிதாஸ்’ பம்பாயில் இரானியின் நிறுவனத்திலேயே எடுக்கப்பட்டது. அதில் டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் மறுமொழி சொன்னார். இரு மொழி பேசுவோர் ஒரே காட்சியில் உரையாட, பார்வையாளர்கள் அதை இயல்பாக ஏற்றுக்கொண்ட ஒரு கணம் அது. அந்தப் படமும் இல்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். கிரியர்சனின் இந்திய மொழியியல் நில அளவைக்காக 1913 முதல் 1929 வரை எடுக்கப்பட்ட இசைத்தட்டுப் பதிவுகளை இன்று எவரும் இணையத்தில் கேட்கலாம். அவற்றில் பெரும்பாலும் ஒற்றை மனிதர், விவிலியத்தின் ஊதாரி மகன் உவமையைத் தம் மொழியில் சொல்கிறார். அரசு அலுவலகம் ஒன்று அவற்றுக்குப் பொறுப்பாக இருந்ததால் அவை பிழைத்தன. ஒருவரோடொருவர் வாதிட்டும் கொஞ்சியும் ஏசியும் பேசிய முதல் பேசும்படங்களுக்கு அத்தகைய பொறுப்பாளர் எவரும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியர்கள் உவமைக் கதையை எப்படிச் சொன்னார்கள் என்பது தெரியும். சண்டையிட்டது எப்படி என்பது அவ்வளவாகத் தெரியாது.

மீட்கப்பட்ட படங்களின் கதை இதைவிட ஆறுதலானது, ஆனால் எளியதன்று. ‘பதேர் பாஞ்சாலி’ இல்லாத செவ்வியல் பட்டியல் கிடையாது. மனைவியின் நகைகளை அடகு வைத்தும், பின் மேற்கு வங்க அரசின் பணத்தைப் பெற்றும் சத்யஜித் ரே எடுத்து முடித்த படம் என்பது பலரும் அறிந்ததே. 1992-இல் ரேக்கு ஆஸ்கர் சிறப்பு விருது வழங்கப்பட்டபோது, விழாவில் காட்டத்தக்க நல்ல பிரதிகள் அரிதாகவே கிடைத்தன. அவருடைய படங்களைப் பாதுகாக்கும் முயற்சி அதிலிருந்து தொடங்கியது. அப்பு வரிசைப் படங்கள் மூன்றின் மூல நெகட்டிவ்களும் லண்டனில் இருந்த ஹெண்டர்சன் ஆய்வகத்துக்குச் சென்றன. 1993 ஜூலையில் அங்கே தீப்பிடித்தது.

கருகியும் உருகியும் எஞ்சிய சுருள்களை எவரும் குப்பையில் போடவில்லை என்பதே இதில் முதன்மையான செய்தி. அமெரிக்கத் திரைப்பட அகாதமி அவற்றை வாங்கி வைத்துக்கொண்டது. அப்போதைய தொழில்நுட்பத்தால் அவற்றை எதுவும் செய்ய இயலாது, இருந்தும் வைத்திருந்தார்கள். இருபதாண்டுகள் கழித்து, கிரைடீரியன் நிறுவனத்தின் முயற்சியில், இத்தாலியின் பொலோஞா நகர ஆய்வகத்தில் அந்தச் சுருள்கள் ஈரமூட்டி இளக்கப்பட்டன, ஒட்டியிருந்தவை பிரிக்கப்பட்டன, சிதைந்த ஓரத் துளைகள் கையால் ஒட்டிச் சரிசெய்யப்பட்டன. ஏறத்தாழ ஆயிரம் மணி நேரக் கைவேலை. ‘பதேர் பாஞ்சாலி’யின் நெகட்டிவில் சுமார் 40 விழுக்காடும் ‘அபராஜிதோ’வில் 60 விழுக்காட்டுக்கு மேலும் பயன்படும் நிலையில் கிடைத்தன. ‘அபுர் சன்சார்’ நெகட்டிவில் பயன்படுத்தத்தக்கது எதுவுமில்லை. மீதி, அமெரிக்க, பிரிட்டிஷ் காப்பகங்களிலிருந்த நகல்களால் நிரப்பப்பட்டது. 1955-இல் ‘பதேர் பாஞ்சாலி’ முதன்முதலாகத் திரையிடப்பட்ட நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்திலேயே 2015 மே மாதத்தில் புதுப்பித்த படம் காட்டப்பட்டது.

ஹரிஹர் ஊர் திரும்பும் காட்சியை நினைத்துக்கொள்ளலாம். மகள் இறந்தது தெரியாமல், அவளுக்கென வாங்கிவந்த சேலையை எடுத்து நீட்டுகிறான். சர்பஜயா அடக்கிவைத்த அழுகை வெடிக்கிறது. அழுகுரல் கேட்பதில்லை, அதன் இடத்தில் தார் ஷெனாய் ஒலிக்கிறது. முதல் முறை பார்ப்பவர் கதையின் துயரத்தில் இதைக் கவனிப்பதில்லை. குரல் எடுக்கப்பட்டு இசை வைக்கப்பட்டிருக்கிறது என்பது இரண்டாம், மூன்றாம் முறையிலேயே பிடிபடும். தேய்ந்த பிரதியில் அந்த மௌனமே இல்லை. கீறலின் இரைச்சல் அங்கே நிறைந்திருக்கும். மறுமுறை பார்ப்பதன் பயன் பிரதியின் தரத்தைச் சார்ந்தது என்பது இதுவே.

மீட்பு என்ற பெயரில் நடக்கும் எல்லாம் மீட்பன்று. 1960-இல் வெளியான ‘முகல்-ஏ-ஆஸம்’ 2004-இல் முழு வண்ணத்தில் வந்தபோது சுமார் 20 நிமிடம் குறைந்திருந்தது. திரையரங்குகளில் அது வெற்றிபெற்றது உண்மை. ஆனால் கருப்பு வெள்ளை அரண்மனையிலிருந்து கண்ணாடி மண்டபப் பாட்டில் திடீரெனப் பாயும் வண்ணமே அந்தப் படத்தின் பெரும் அதிர்ச்சி. எல்லாக் காட்சியும் வண்ணமானபின் அந்த அதிர்ச்சிக்கு இடமேது? அது வேறொரு படம். மூலத்தையும் கிடைக்கச் செய்தால் இதில் தவறில்லை.

காப்பகங்களாலும் தீயை முற்றிலும் தடுக்க முடிந்ததில்லை. 2003 ஜனவரியில் புணேயில், பழைய பிரபாத் படக்கூட வளாகத்து நைட்ரேட் கிடங்கில் பற்றிய தீயில் ஏராளமான சுருள்கள் போயின. நாயர் 1991-இல் ஓய்வுபெறும்போது சேர்ந்திருந்தவை சுமார் 12,000 படங்கள். அவற்றில் 8,000 இந்தியப் படங்கள். ஒரு மனிதரின் அலைச்சலுக்கு இது வியக்கத்தக்க தொகை. ஒரு நாட்டின் கொள்கைக்கு அப்படிச் சொல்ல முடியாது. 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் குறிப்பிட்ட நூலகங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். திரைப்படத்துக்கு அத்தகைய பொதுச் சட்டம் இல்லை. தணிக்கைக்கு ஒவ்வொரு படமும் அரசின் முன் வந்தே தீர வேண்டிய நாட்டில், காப்பகத்துக்கு வர வேண்டிய கட்டாயம் இல்லாதது விசித்திரமே. 2022-இல் 363 கோடி ரூபாய் செலவில் சுமார் 2,200 படங்களைப் புதுப்பிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்தப் படங்களில் எந்த மொழிக்கு எத்தனை, எவர் தேர்ந்தெடுத்தவை என்ற கேள்விகள் திரைப்பட ஆய்வாளர்களுக்கு மட்டும் உரியவை அல்ல.

ஏனெனில் அழிவு மௌனப்பட காலத்தோடு முடிந்துவிடவில்லை. நீரத் மகாபாத்ராவின் ‘மாயா மிருக’ 1984-இல் வந்த ஒடியா படம். பூரியில் ஒரு கூட்டுக் குடும்பம் மெல்லக் கலைவதைச் சொல்வது. நைட்ரேட் காலத்துப் படம் அன்று. அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. அதன் மூல நெகட்டிவ் சென்னையில் ஒரு கிடங்கில், கேட்பாரற்று, மிகவும் சிதைந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் அதைப் புதுப்பித்து 2024-இல் பொலோஞா விழாவில் திரையிட்டபோது, இயக்குநர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.