ஓலை முதல் கொப்பு வரை

மக்கள் அணியும் அணிகலன்களுள் காதணிக்குத் தனியிடம் உண்டு. வளையலைக் கழற்றி வைக்கலாம். கழுத்து மாலையை மாற்றிக்கொள்ளலாம். காதணிக்கோ உடலே துளைபட்டு இடம் தரவேண்டும். அணி கைவிட்டுப் போனபின்னும் துளை அதன் சுவடாய் நிற்கும். ஆதலின் ஒரு குடும்பத்தின் வளத்தையும் முட்டுப்பாட்டையும் அக்குடும்பத்து மூதாட்டியரின் செவிகளில் காணலாம்.

சென்ற ஆண்டு, கல்லூரியில் பயிலும் என் மகள் இத்தலைநகரின் வணிக வளாகம் ஒன்றில் மேற்காதைத் துளைத்துக்கொண்டு வந்தாள். நம் குலத்தில் யாரும் செய்யாத செயல் என்று என் மனைவி பெரிதும் வருந்தினாள். அது புதுவழக்கமா பழவழக்கமா என்று எண்ணிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

இலையே முதல் அணி

நம் காதணிகளின் பெயர்களே அவற்றின் தொன்மையைக் காட்டுகின்றன. ‘குழை’ என்பது தளிரையும் குறிக்கும், காதணியையும் குறிக்கும். ‘தோடு’ என்பது பூவின் இதழுக்கும் ஓலைக்கும் பெயர். ‘ஓலை’ என்றே ஒரு காதணி உண்டு. பொன் வருமுன் செவியில் இருந்தது இலையே என்பது இதனால் தெளிவாகும். சுருட்டிச் செருகிய பனையோலை தானே விரிய முயலும். அவ்விசையால் துளையும் அகலும். ஆடிப்பெருக்கன்று காவிரிக்குக் காதோலையும் கருகமணியும் படைக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. மக்கள் செவியை விட்டு நீங்கிய ஓலை, ஆற்றன்னையின் செவிக்கு உரியதாய் நிலைபெற்றிருக்கிறது.

ஓலை மண்ணில் மட்கிவிடும்; சுட்ட மண் மட்காது. 2014-இல் தொடங்கிய கீழடி அகழாய்வில் கிடைத்த பொருள்களுள் சுடுமண் காதணிகளும் உள்ளன. பொன் வாங்க இயலாத எளியோரும் செவியை வெறுமையாய் விட்டாரல்லர் என்பதற்கு அவை சான்றாகும்.

கோயிலும் கல்வெட்டும்

திருஞானசம்பந்தரின் முதற் பதிகம் இறைவன் செவியிலுள்ள தோட்டைச் சொல்லியே தொடங்குகிறது. சோழர்காலச் செப்புத் திருமேனிகளில் ஆடவல்லானின் வலச்செவியில் ஆண்மகனுக்குரிய குழையையும், இடச்செவியில் பெண்ணுக்குரிய தோட்டையும் காணலாம். அம்மையும் அப்பனும் ஒன்றென்னும் தத்துவத்தை இரு காதணிகளில் அடக்கிவிட்டான் சிற்பி. தாமிரபரணிக் கரையிலுள்ள தென்திருப்பேரைப் பெருமாளின் திருப்பெயரே மகரநெடுங்குழைக்காதர் என்பதாகும். காதணிப் பெயரிட்டுப் பெண்ணை விளித்துப் பாடியமையால் ஒரு சித்தருக்குக் குதம்பைச் சித்தர் என்றே பெயர் வழங்கலாயிற்று.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் அளித்த நகைகள் கல்லில் கணக்கிடப்பட்டுள்ளன. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நுணுகி எடையிட்டு, பதித்த மணிகளையும் எண்ணி எழுதியிருக்கிறார்கள். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. அலுவலகத்தில் இருப்புப் பதிவேடு எழுதும் என்போன்ற எழுத்தர்கள் அக்கணக்கின் முன் தலைவணங்கத்தான் வேண்டும்.

துளைத்தலும் வளர்த்தலும்

காது குத்துதலைச் சுசுருத சங்கிதை ஒரு மருத்துவச் செயலாகவே விளக்குகிறது. குழந்தையை மடியில் இருத்தி, கதிரொளியில் இடம் பார்த்துத் துளைத்து, பஞ்சுத் திரி இட்டு, நாள் செல்லச் செல்லத் திரியைப் பருமனாக்க வேண்டும் என்கிறது. அறுந்த காதை ஒட்டவைக்கும் முறைகள் பதினைந்தையும் அந்நூல் கூறுகிறது. நம் ஊர்களில் குலதெய்வத்தின் முன்னர், தாய்மாமன் மடியில் குழந்தையை இருத்தி, பத்தர் வந்து குத்துவார். அதற்கென்றே விடுமுறைப் பயணச் சலுகையைச் சேர்த்துவைத்து ஊருக்குப் புறப்படும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ!

தென்மாவட்டங்களில் துளைத்ததோடு நில்லாமல் காதை வளர்த்தனர். பஞ்சும் ஓலைச்சுருளும் இட்டு அகலப்படுத்திய துளையில் குணுக்கு என்னும் கனமான வளையங்களை மாட்டினர். மடல் தோளை நோக்கித் தொங்கியபின் பாம்படம், தண்டட்டி, முடிச்சு முதலியன ஏறின. பாம்படம் உருண்டையும் சதுரமும் தட்டுமாய் அமைந்தது. உள்ளே அரக்கிட்டு மேலே பொற்றகடு போர்த்தியது. கல்வியும் நகர வாழ்வும் பரவிய 20-ஆம் நூற்றாண்டில் இவ்வழக்கம் மறைந்தது. தொங்கிய காதை வெட்டித் தைத்துக்கொண்ட பெண்டிரும் பலர். 2023-இல் ‘தண்டட்டி’ என்னும் பெயரிலேயே ஒரு திரைப்படம் வந்தபோது, அச்சொல்லின் பொருளை நம் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருந்தது.

மேற்காது

இனி என் மனைவியின் வருத்தத்திற்கு வருவோம். மேற்காதைத் துளைத்தல் நமக்குப் புதிதன்று. செவியின் மேல்விளிம்பில் அணிவதற்கென்றே கொப்பு, முருகு என்னும் அணிகள் நம்மிடம் இருந்தன. மலபார் மாப்பிள்ளை முசுலிம் மகளிர் செவியோரம் முழுதும் துளையிட்டு வரிசையாக வளையங்கள் அணிந்தனர்; அவற்றிற்கு அலிக்கத்து என்று பெயர்.

ஆயினும் மேற்காது மடலைப் போன்றதன்று. மடல் வெறுந்தசை, ஆறு முதல் எட்டு வாரங்களில் ஆறிவிடும். மேற்காதோ குருத்தெலும்பு. அதற்குத் தனியே இரத்த ஓட்டம் இல்லை. மூடியுள்ள மென்படலமே அதற்கு ஊட்டம் தருகிறது. எனவே புண் ஆற ஆறு மாதம் முதல் ஓராண்டும் ஆகலாம். சீழ் பிடித்தால் செவியின் வடிவே சிதையவும் கூடும். விசையால் அறையும் கருவியை விடத் தூய ஊசியே மேற்காதுக்கு ஏற்றது. புண் ஆறுமுன் அணியைக் கழற்றி மாற்றுதலும் தவறு. என் மகள் அறைகருவியால் துளைத்துக்கொண்டாள். மூன்றாம் வாரமே, ஒரு திருமணத்திற்காக, இட்ட பொட்டைக் கழற்றி வளையம் மாட்டினாள். செவி வீங்கிச் சிவந்து, மருத்துவரிடம் இரு வாரம் நடக்க நேர்ந்தது. வழக்கம் மீண்டு வந்தது. அதனைக் காத்த பொறுமை உடன்வரவில்லை.

ஆச்சியின் செவி

என் ஆச்சி பாம்படம் அணிந்தவர். மேற்காதில் கொப்பும் இருந்ததாம். வானம் பொய்த்த ஓராண்டில் கொப்பு விலையாயிற்று. அதனை நான் கண்டதில்லை. பாம்படம் போனது மட்டும் நான் அறிவேன். 1998-இல் நான் பி.ஏ. வகுப்பில் சேர அதுவே பணமாயிற்று. வெறுங்காது தொங்க நின்ற ஆச்சியை நிமிர்ந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவரோ, “சும்மா காதுலதான கெடந்துச்சு எய்யா, அதுக்கு ஒரு சோலி வந்துட்டு, போயிட்டு” என்று சொல்லி வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பிற்காலத்தில் காதைத் தைத்துவிடலாம் என உறவினர் வற்புறுத்தியபோதும் அவர் இசையவில்லை.

மகளின் புண் ஆறிவந்த நாள்களில் ஆச்சியின் பழைய நிழற்படம் ஒன்றை எடுத்துக் காட்டினேன். தொங்கும் மடலைத்தான் பார்ப்பாள் என நினைத்தேன். அவளோ மேற்காதில் கடுகளவாய்த் தெரிந்த புள்ளியில் விரலை வைத்து, “பூட்டிக்கும் இதே இடமா, அப்பா?” என்றாள். அருகிலிருந்த என் மனைவியும் படத்தை வாங்கிப் பார்த்தாள்.

அன்பர்களே, தாயகம் விட்டு வந்த நாம் பழைய நகைகளை அழித்துப் புதியன செய்கிறோம். வாழ்க்கைத் தேவை அது; குறை கூறுவதற்கில்லை. ஆனால் உலையில் இடுமுன் ஒரு நிழற்படம் எடுத்து, அதன் பெயரையும், அணிந்தவர் பெயரையும், அது எதற்காக விலைபோயிற்று என்பதையும் எழுதி வைப்போம். ஊருக்குச் செல்லும்போது எஞ்சியுள்ள மூதாட்டியரிடம் கேட்டு வருவோம். மேற்காதில் வளையமிடும் பெண்ணைக் கடிந்துகொள்வதினும், அதன் பெயர் கொப்பு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தல் நன்று.