ஜீப்பின் குட்டை ராடு

தாசில்தார் ஆபீஸ் ஜீப், வனத்துறை ஜீப் என்று ஏதாவது ஒன்றில் ஏறியவர்கள் கவனித்திருப்பீர்கள். கியர் ராடுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு குட்டை ராடுகள் நிற்கும். (எல்லா ஜீப்பிலும் இருக்காது.) ஒன்று முன் சக்கரங்களையும் இழுக்க வைக்க, மற்றது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்ட. மதுரையிலிருந்து திருமங்கலம் வரை அவற்றை யாரும் தொடமாட்டார்கள். வைகை மணலில் இறங்கினாலோ, போடிப் பக்கம் எஸ்டேட் பாதையில் ஏறினாலோதான் அவற்றுக்கு வேலை.

இரண்டாம் உலகப் போருக்காக வந்த வில்லிஸ் ஜீப்பின் ஏற்பாடு இது. 1947-இல் மகிந்திரா கம்பெனி பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியபோது நம் ஊருக்கும் வழி திறந்தது. போர்க்கால ஜீப்பின் என்ஜின் 60 குதிரைத்திறன் என்பார்கள்.

அந்த 60 சரிதானா என்று எப்படிப் பார்ப்பது? பிரான்சில் பிரோனி என்பவர் 1821-லேயே சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடித்து, அந்தப் பிடியைத் தாங்க எவ்வளவு எடை வேண்டும் என்று அளந்தார். என்ஜினைக் கழற்றாமல் வண்டியோடு அளக்க வந்ததுதான் உருளை 'டைனோ'. சக்கரத்தை உருளை மேல் நிறுத்தி, வண்டியைக் கட்டிப்போட்டு, ஆக்ஸிலேட்டரை மிதிப்பார்கள். வண்டி நகராது; உருளை சுற்றும். சாதாரண டைனோவில் ஓர் அச்சுக்கு மட்டுமே உருளை. ஜீப்புக்கு அது போதும். குட்டை ராடைத் தள்ளி முன்னச்சை விடுவித்தால் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும்.

எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் கார்கள் வந்தபிறகுதான் தொல்லை. 1966-இல் ஜென்சன் எஃப்எஃப், 1970-இல் ரேஞ்ச் ரோவர், 1980-இல் ஆடி குவாட்ரோ. இவற்றில் முன்னச்சை விடுவிக்க ராடு கிடையாது. பின் சக்கரம் உருளையிலும் முன் சக்கரம் தரையிலும் நின்றால், நடு டிஃபரன்ஷியல் பூட்டியிருக்கும் நிலையில், முன் சக்கரம் வண்டியை உருளையை விட்டு இழுத்துக்கொண்டு பாயும். பூட்டாவிட்டால் வேறு விதமான கேடு. முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றும் என்று கணக்கிட்டுச் செய்த டிஃபரன்ஷியல் அது. ஒரு பக்கம் அசையாமல் நிற்க, மறுபக்கம் 100 கி.மீ. வேகத்தில் சுற்றினால் சூடேறிப் பல் போய்விடும்.

புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு ஏற்றுகிறவர்களும் உண்டு. தேவைப்படும்போது மட்டும் பின்னச்சைச் சேர்த்துக்கொள்ளும் கார்கள் சிலவற்றுக்கு அது சரிப்படலாம். நிரந்தர வகையில் விசை முழுக்கக் கழற்றிய பக்கமே ஓடிவிடும்; உருளை அசையாது. பூட்டி ஓட்டினாலும், ஓர் அச்சின் உராய்வு கணக்கில் வராத எண்தான் கிடைக்கும். அந்த எண்ணை நான் நம்பமாட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், இதற்கான விடை ரயில்காரர்களிடம் முன்பே இருந்தது. மீட்டர்கேஜ் காலத்து ஒய்பி நீராவி என்ஜின் நினைவிருக்கிறதா? பெரிய சக்கரங்கள் மூன்றையும் ஒரு நீண்ட இரும்புத் தண்டு கோத்திருக்கும். ஒன்று சுற்றினால் மூன்றும் சுற்றியாக வேண்டும். அத்தகைய நீராவி என்ஜின் ஒன்றை 1891-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் காஸ் என்ற பேராசிரியர் நின்ற இடத்திலேயே ஓட்டிச் சோதித்தார். இழுக்கும் ஒவ்வோர் அச்சுக்கும் கீழே தனித்தனி உருளை வைத்தார்.

இன்றைய நான்கு சக்கர டைனோவும் அதைத்தான் செய்கிறது. முன்னுக்கும் பின்னுக்கும் தனி உருளை. காரின் நீளத்துக்கு ஏற்ப இடைவெளியை மாற்றலாம். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பார்த்துக்கொள்வார்கள். விலை அதிகம் என்பதால் ஒற்றை உருளைதான் இன்னும் பல இடங்களில்.

பழைய ஜீப்பை ஆசையாக வைத்திருப்பவர்கள் அதை டைனோவில் ஏற்றுமுன் குட்டை ராடை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். பல வருடம் தொடாமல் துருவேறி, நான்கு சக்கர நிலையிலேயே இறுகிப்போயிருந்தால், அதுவும் ஒற்றை உருளையில் ஏறக் கூடாத வண்டிதான்.