தூண்டிலன்று, காசு

கடலரிப்பின் பின் கரைமணலில் வெளிப்படும் உலோகத் துண்டுகளை இனங்காண்பதில், வடிவத்தை மட்டும் நம்புவதாற் பெருந்தவறுகள் நேர்கின்றன. கொக்கியாக வளைந்த கறுத்த கம்பியொன்றைக் கண்டெடுப்பவர் அதனைப் பழைய தூண்டிலென எறிந்துவிடுதல் இயல்பே. ஆயின், 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் இலங்கையில் வழங்கிய லாரின் என்னும் வெள்ளி நாணயமும் அவ்வடிவினதே.

தென்பாரசீகத்து லார் நகரின் பெயரால் இது வழங்கலாயிற்று. பாரசீகக் குடா முதல் மாலைதீவு வரை வணிகர் கைகளில் உலவியது. மாலைதீவின் சில்லறைக் காசு இன்றும் 'லாரி' எனப்படுகிறது. வெள்ளிக் கம்பியை இரண்டாக மடித்துத் தட்டி முத்திரை குத்துவதே பொதுவழக்கம். இலங்கையில் அதனை மேலும் கொக்கியாக வளைத்தனர்.

தூண்டிலுக்குரிய கூர்நுனியும் எதிர்முள்ளும் இதற்கில்லை, கம்பி இரட்டையாயிருக்கும். இரும்பு துருவேறிப் பருக்கும், காந்தத்தில் ஒட்டும். வெள்ளி கறுக்குமேயன்றித் துருவேறாது, காந்தத்துக்கும் இணங்காது. முத்திரையிலுள்ள அரபெழுத்தை வாசிக்க முயன்று களைப்புறுவோர் உளர். பல காசுகளில் அது எழுத்தே அன்று. எழுத்தின் சாயலைக் கம்மியர் பார்த்துப் பொறித்த கீறல்களே.

இக்கீறல்களை வெறும் போலியென ஒதுக்குதல் தகாது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில், அரசனுக்குரிய காசைப் பிறர் அடித்தால் மரணதண்டனை என்கிறார். தூண்டில் வடிவக் காசையோ அரசன் அனுமதியுடன் எவரும் செய்யலாம். விரும்பிய குறியையும் பொறிக்கலாம். ஐயமெழுந்தால் அதைப் பழுக்கக் காய்ச்சி நீரில் இடுவர். தூய வெண்மை பெறாதது செல்லாது. செம்பு கலந்த வெள்ளி தீயிற் கறுக்கும் என்பதே இச்சோதனையின் அடிப்படை. ஆகவே, அக்காசின் பெறுமதிக்குப் பிணை நின்றது மன்னனது முத்திரையன்று. உலோகத்தின் தூய்மையும், அதனைச் சோதித்தறிந்த மக்களின் அனுபவ அறிவுமே. அரசபரம்பரைகளை வரிசைப்படுத்தவே நாணயங்களைத் தேடிய வரலாற்றெழுத்து, மன்னன் பெயரற்ற இக்கம்பியைப் பெரிதும் பொருட்படுத்தாமை வியப்பன்று. 1924இல் வெளிவந்த கொட்றிங்ரனின் நாணயவியல் நூல் இதற்குப் புறநடை.

தூய வெள்ளியென்பதே இதற்குக் கேடாகவும் அமைகிறது. தட்டாரிடம் சென்றால் உருகும். சாம்பலும் புளியுமிட்டுத் தேய்த்தால் முத்திரை அழியும். நொக்ஸ் கூறும் நெருப்புச் சோதனையையும் நாம் மீண்டும் செய்யவேண்டியதில்லை! கிடைத்த இடம், ஆழம், உடன்கிடந்த ஓடுகள், பிற காசுகள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்திற்கமைய அறிவித்தலே முறை. அருகிற் காலங்குறித்த போத்துக்கேயக் காசொன்று கிடந்தால், பெயரும் ஆண்டுமற்ற இக்கம்பியின் காலத்தை அதுவே நமக்கு உணர்த்தக்கூடும்.